சாக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன்

எங்களை ஏமாற்றியவனாக நடிக்க ஓர் அழகனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவன் காரைவிட்டு இறங்கினால் காற்று வீசும். நடந்தால் பின்னால் வயலின் இழையும். எங்களாக நடிக்க வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையெல்லாம் கிடையாது. தலையில் வழிய வழிய எண்ணெய், இடுப்பில் பூப்போட்ட லுங்கி, திறந்த வாய். ஏமாந்தவன் என்றால் வாயை மூடவே கூடாது என்று டைரக்டர் சொல்லியிருப்பார் போல.

தொடரை மலையாளத்தில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். மலையாளத் தொடரில் தமிழன் பேசுகிற தமிழ் எந்த ஜில்லாவிலும் பிறக்காத தமிழ் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். தமிழாக்கும்போதாவது சரிசெய்வார்கள் என்று பார்த்தால், மலையாளச் சீமையில் தமிழ் பேசுகிற எங்கள் நல்லேப்பிள்ளி விவசாயி மெட்ராஸ்காரன் மாதிரி "இன்னாபா" என்கிறான். அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த ஊட்டுப் பேச்சு?" என்று என்னைக் கேட்டாள். நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் உலகத்தில் உள்ள எல்லாத் தப்புக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

படம்பிடித்ததும் எங்கள் ஊரில் இல்லை. கான்கிரீட் வீடு அதிகமாம், கிராமம் மாதிரித் தெரியவில்லையாம். பொள்ளாச்சிப் பக்கம் ஓலை வேய்ந்து புதிதாக ஒரு நல்லேப்பிள்ளியைக் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பாகம் தொடங்கும்போதும் ஓர் எழுத்து வரும். இது உண்மையில் நடந்த மோசடி வழக்கைத் தழுவியது, ஆனால் இதில் வரும் யாரும் உண்மையான மனிதர்கள் அல்ல. அதைப் படித்துச் சொன்னதும் பெரியப்பா ஒவ்வொரு வாரமும், "அப்ப நாம ஆரு?" என்பார்.

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மூலிகைக் கம்பெனி வந்தது. வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு செடி, அதன் கன்றுகளைக் கம்பெனியிடமிருந்து காசு கொடுத்து வாங்கி நட வேண்டும். இலையைக் கம்பெனியே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இலை கப்பலேறிப் போய் வெள்ளைக்காரர்களின் முட்டிவலியைத் தீர்க்கும். எங்கள் ஊரில் முட்டிவலி இல்லாதவர் கிடையாது. ஆனாலும் யாரும் ஓர் இலையைப் பறித்துத் தன் முட்டியில் வைத்துப் பார்க்கவில்லை. செடி வளர்ந்தது. கம்பெனி காணாமல் போனது. கட்டுத்தறி ஆடு அந்த இலையை மோந்து பார்த்துவிட்டு எங்களை ஏறிட்டுப் பார்த்தது. இதே கம்பெனி இடுக்கிப் பக்கம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டக்காரர்களுக்கும் இதே செடியை ஊடுபயிர் என்று சொல்லி விற்றிருக்கிறது. மலையிலும் ஆடு தொடவில்லை.

இதில் எங்கள் வீட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. கம்பெனி முதலாளி நேராக வந்து இறங்கியது என் அப்பாவின் வயலில். அப்போது அங்கே இருந்தது அவர்கள் இருவர் மட்டும். இலைக்கு நானாச்சு என்று அவன் வாக்குக் கொடுத்தது அப்பாவிடம். ஊரில் மற்றவர்கள் அப்பா சொல்லிக் கேட்டுச் சேர்ந்தவர்கள், அவர்கள் கையெழுத்துப் போட்டது ஏஜெண்டுகளிடம். வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும் முதலாளியின் வக்கீல், என் கட்சிக்காரர் அந்த ஊர்ப்பக்கமே போனதில்லை, எல்லாம் ஏஜெண்டுகள் செய்த வேலை என்று சொல்லிவிட்டார். இல்லை, வந்தான் என்று சொல்லக்கூடிய வாய் அப்பாவுடையது ஒன்றுதான். அந்த வாயைத் திறக்க அப்பா மாட்டேன் என்றார்.

தொடர் வந்த நேரம் இதுதான். நான் கல்யாணமாகிப் பக்கத்தில் உள்ள சித்தூரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவேன். நான் சந்தா கட்டி அப்பா வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்தேன். எட்டுப் பாகமும் ஒரே நாளில் வந்துவிட்டன. ஆனால் பெரியப்பா ஒரு கட்டுத்திட்டம் வைத்தார். வாரத்துக்கு ஒரு பாகம், ஞாயிறு சாயங்காலம், எல்லாரும் கூடி. யாரும் முந்திப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கம் கால்வாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வயலுக்குப் பாயும். அடுத்தவன் முறையில் மடையைத் திறந்தவனோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அந்தச் சட்டத்தை அப்படியே டிவிக்கும் போட்டுவிட்டார். பெரியப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்தச் செடியில் அப்பாவுக்கு அடுத்தபடி அதிகமாகப் போட்டவர். அதை அப்பா மறக்காமல் பார்த்துக்கொள்வதை ஒரு கடமையாகச் செய்து வருகிறவர்.

அக்கம்பக்கத்து வீட்டார், நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதி ஆட்கள், அவர்கள் பெண்டுபிள்ளைகள் என்று முன்னறை நிறைந்துவிடும். எல்லாரும் ஏமாந்தவர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிற உற்சாகத்தோடு வருவார்கள். அப்பா மட்டும் கதவோரம் ஸ்டூலில் உட்காருவார். ஊர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. யாராவது எதையாவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் வந்து உட்காரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இரண்டாம் பாகத்தில் எங்கள் ஊர் வந்தது. அழகன் காரைவிட்டு இறங்கினான், காற்று வீசியது. பளபளக்கிற ஷூவோடு வரப்பில் நடந்து, ஷூவோடு நாற்றுக்குள் இறங்கினான். எண்ணெய்த் தலைக் கிழவன் ஒருவன், அப்பாவாக இருக்க வேண்டும், துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவன் காலில் விழுந்தான்.

அப்பா யார் காலிலும் விழுந்தவரில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அறையில் பெரிய கூச்சல். எல்லாரும் அப்பாவுக்காகக் கொதிக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"காலுல உளுந்தாக்கூடப் பரவால்லீங்க," என்று பெரியப்பா கையை நீட்டிக் கத்தினார். "ஷூவோட எறங்கறான் பாருங்க! எப்பேர்ப்பட்ட புளுகு! அவரு அப்படிப்பட்ட மனுசனே கெடையாது."

"ஆமாங். அவரு கழட்டிப்போட்டுத்தான் எறங்குனாரு," என்றது இன்னொரு குரல்.

இத்தனை வருடம் அவன், இவன், நாசமாப் போறவன் என்று இருந்தவன் ஒரே நொடியில் அவர் ஆகிவிட்டான்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வயலிலும் நெல்லடிக்கிற களத்திலும் செருப்போடு கால் வைப்பதில்லை. பூச்சிமருந்தைக் குடம் குடமாக ஊற்றுவோம். காலி டப்பாவை வாய்க்காலில் விடுவோம். அறுக்கிற மெஷின் இரும்புச் சங்கிலியோடு நடுவயலில் ஏறி உழக்கும், அதற்குத் தேங்காய் உடைத்துப் பொட்டு வைப்போம். ஆனால் மனிதன் என்றால் செருப்பைக் கழற்றித்தான் இறங்க வேண்டும். ஆபீசர்கள் இறங்க மாட்டார்கள், வரப்போடு நின்றுகொள்வார்கள். ஒருத்தன் எப்படிப்பட்டவன் என்று தெரிய ஜாதகம் வேண்டாம், வயலோரம் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்பார் அப்பா.

அந்த முதலாளி வந்த அன்று, அப்பா ஒன்றும் சொல்லாமலே வரப்பில் குனிந்து ஷூவைக் கழற்றினானாம். சாக்ஸையும் கழற்றினானாம். அதை ஷூவுக்குள் திணிக்காமல் நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினானாம். அந்தச் சாக்ஸில்தான் அப்பா விழுந்தார். மனதில் பயபக்தி இல்லாதவனுக்கு அப்படி மடிக்க வராது என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஊரும் நம்பியது. அது நடந்ததைப் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எங்கள் பஞ்சாயத்தில் எண்ணி மாளாது. சாக்ஸ் என்ன நிறம் என்பதில் சண்டைகூட உண்டு.

அன்றைக்குப் பாகம் முடிந்ததும் சமிதி ஆள் ஒருவர் என்னிடம் வந்து, "டீச்சர், இந்த டிவிக்காரங்களுக்கு ஒரு கம்ப்ளைண்டு எழுதோணுமுங்க," என்றார்.

"என்னன்னு எழுதறது? எங்கள ஏமாத்துனவர நீங்க தப்பாக் காட்டிப்போட்டீங்கன்னா?"

"அதேதானுங்."

அவர் சிரிக்கவில்லை. நான் அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினேன். கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே நெய் நின்று எத்தனையோ நாளாகியும் இவர்கள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

அன்றே நான் கிளம்புவதற்குள் சக்குபள்ளத்திலிருந்து போன் வந்தது. அங்கே பணம் போட்டவர்களில் ஒருவர், சொந்தமாகக் கொஞ்சம் ஏலம் வைத்திருக்கிறவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கோயிலில் வேதபாடம் வாசிக்கிற கிறிஸ்தவர். ஏமாந்தவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, பாத்தியளா அக்கிரமத்த? எங்க வீட்டுக்கு வந்த ஏஜெண்டுப் பையன், காப்பியக் கையில வாங்குன உடனே கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் குடிச்சாம்லா. படத்துல மடக்கு மடக்குன்னு குடிக்கான். மனசுக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு."

"ஏனுங்கண்ணா, அந்தப் பையன் நல்ல பையனாட்டத்தான் இருந்திருப்பான்," என்றார் அப்பா ஆறுதலாக.

"பின்ன? கூட இருந்தவனுவ கெடுத்திருப்பானுவ."

எங்கள் வீட்டிலும் அதே முடிவுதான். முதலாளி நல்லவர், கூட இருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். மலையில் இருக்கிற ஆட்களைக் கேட்டால் ஏஜெண்டு நல்லவன், மேலே இருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் அந்தக் கம்பெனியில் கெட்டவன் என்று ஒருத்தனும் மிஞ்சமாட்டான். கணக்கு டீச்சர் என்ற முறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

தொடர் பாதி ஓடியிருந்தபோது ஒரு சனிக்கிழமை வழக்கை விசாரிக்கிற ஆபீசர் வீட்டுக்கு வந்தார். மலையாளி. கையில் சம்மன். ஏற்கனவே இரண்டு தரம் வந்து அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர். அப்பா அந்த இரண்டு தரமும் மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தார். இந்தத் தரம் நான் இருந்ததால் தப்ப முடியவில்லை. ஆபீசர் வாசல் திண்ணையான சிட்டவுட்டில் ஷூவோடு உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டுத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அச்சா, நீங்க வந்நு மொழி கொடுத்தா கேஸ் நிக்கும். வந்நில்லெங்கில் அவன் சிரிச்சுக்கொண்டு வீட்டுக்குப் போகும். அத்ரெ உள்ளு."

மொழி கொடுப்பது என்றால் இங்கே கோர்ட்டுப் பேச்சில் வாக்குமூலம், அத்ரெ உள்ளு என்றால் அவ்வளவுதான். அப்பா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள் கொள்ளலாம், ஈ ஓட்டுகிறார் என்றும் கொள்ளலாம்.

அவர் போனதும் அம்மா, "ஊட்டுக்கு வந்தவன் ஷூவக் கூடக் கழட்டல. இவன நம்பி எப்படிங்க கோர்ட்டுக்குப் போறது?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "ஏம்மா, கழட்டுனவன நம்பி என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுமா இப்படிப் பேசற? நமக்காக மூணு தரம் வெயில்ல வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் கழட்டாட்டி என்ன, தலையில வெச்சுக்கிட்டா என்ன?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் பேசினார்.

"போறதுக்கென்ன அம்மிணி. போவேன். வந்தானான்னு கேட்டா வந்தான்னு சொல்லுவேன். அதோட உடுவாங்களா? ஏனய்யா நம்புனீருன்னு கேப்பாங்க. அத்தன பேரு முன்னால, படிச்சவங்க முன்னால, சாக்ஸ மடிச்சு வெச்சானுங்க, அதனால நம்புனேனுங்கன்னு சொல்லச் சொல்றயா? சிரிக்க மாட்டாங்க?"

நானே எத்தனையோ தடவை ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நன்றாகவே சொல்வேன்.

அதற்கு அடுத்த வார ஞாயிறு ஆறாம் பாகம். கூட்டம் வந்துவிட்டது. முறுக்குத் தட்டு ஒரு சுற்று வந்துவிட்டது. நான் டிவியைப் போட்டுத் தொடரைத் திறந்தேன். இந்த மாதிரித் தொடர்களில் பார்த்து முடித்த பாகத்தின் படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஐந்து பாகத்துக்கும் கோடு இருந்தது. யாரும் பார்த்திராத ஆறாம் பாகத்துக்கும் கடைசிவரை கோடு இருந்தது.

பெரியப்பாவுக்குக் கண் மங்கல். மாத்திரை டப்பாவில் எழுத்துத் தெரியாது. ஆனால் மடை திறந்ததைக் காட்டுகிற கோடு மட்டும் அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"ஆரோ மொறையத் திருடிப்போட்டாங்க!"

முன்னறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சந்தா என்னுடையது, ரிமோட் என் கையில், படித்தவள் வேறு.

"டீச்சர்னா எல்லாஞ் செய்யலாமா? நாங்கெல்லாம் கட்டுப்பட்டு உக்காந்திருக்கறமல்ல?"

"நான் பாக்கலைங்க பெரியப்பா. பள்ளிக்கூடத்துக்கு ஓடறவளுக்கு இதுக்கு நேரமெங்க?"

"சத்தியம் பண்ணு."

கன்று விற்ற ஏஜெண்டிடம் ஒருத்தரும் ஒரு சத்தியம் கேட்கவில்லை. கோடிக்கணக்கில் சுருட்டியவனை அவர் என்றவர்கள், தொடரை முந்திப் பார்த்தவளை விளக்கேற்றிச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். அம்மாகூட, "பாத்திருந்தாச் சொல்லிப்போடு சாமி, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க," என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் ரிமோட்டைப் பெரியப்பா மடியில் போட்டுவிட்டு, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சுவரோரம் போய் நின்றேன். அப்பா தன் ஸ்டூலில் இருந்தபடி, "மொதல்ல படத்தப் போடுங்கண்ணா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படம் ஓடியது. ஒரு ஹோட்டல் ஹால். வரிசையாக நாற்காலிகளில் கழுத்துப்பட்டி கட்டிய ஏஜெண்டுப் பையன்கள். அழகன் முன்னால் நின்று பாடம் நடத்துகிறான். காற்று இல்லை, வயலின் இல்லை. கைதான ஓர் ஏஜெண்டு போலீசிடம் சொன்னதை வைத்து எடுத்த காட்சி என்று அடியில் எழுத்து ஓடியது.

அழகன் மேசைமேல் காலைத் தூக்கி வைத்து ஷூவைக் கழற்றினான்.

"நெல்லுக்காரன் ஊரா? வயல் ஓரத்துலயே கழட்டிடணும். அவன் சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சாக்ஸைக் கழட்டி ஷூவுக்குள்ள திணிக்காதீங்க. அது அவன் கண்ணுல படாது." அவன் சாக்ஸை எடுத்து மெதுவாக மடித்தான். மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டினான். "இங்க வைக்கணும். மலைமேல ஏலக்காய்க்காரன் வீடா? சுவத்துல சிலுவை இருக்கான்னு பாருங்க. காப்பி வந்ததும் கண்ணை மூடுங்க. உதட்டை அசைச்சாப் போதும். மீதியை அவங்களே பாத்துக்குவாங்க. ஊர் பூரா அவங்களே போய்ச் சொல்லுவாங்க."

பையன்கள் கை தட்டினார்கள். ஒரு பையன் எழுந்து மடித்துக் காட்டினான். வேகமாக மடித்துவிட்டான் என்று அழகன் திரும்ப மடிக்கச் சொன்னான்.

எங்கள் அறையில் முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பா ரிமோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார், நிறுத்துகிற பொத்தான் எது என்று அவருக்குத் தெரியாது. திருடன் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் போகட்டும். அப்பா மனிதர்களை எடைபோட வைத்திருந்த ஒரே படிக்கல்லையும் எடுத்து, அதைவைத்தே அவர் மண்டையில் போட்டிருக்கிறான்.

அப்பாதான் எழுந்தார். பெரியப்பா மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். சரியான பொத்தானை, தேடாமல் அமுக்கினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க," என்றார். "மொறையத் திருடுனது நான்தான். வியாழக்கெழம நீங்க அல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கல்ல, அப்பப் பாத்தேன். போன வாரம் படம் முடிஞ்சதும் அடுத்த பாகத்துக்கு ஒரு படம் காட்டுச்சு. அதுல ஒரு கையும் மடிச்ச சாக்ஸும் இருந்துச்சு. உங்க ஒருத்தரு கண்ணுலயும் படல. எனக்குப் பட்டுப்போச்சு. அப்புறம் ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்படிப் பொறுக்கறது?"

"பாத்துப்போட்டு இங்க வந்து மறுக்காவும் உக்காந்தீங்களா?" என்றாள் அம்மா.

"உக்காரோணுமல்ல." அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த ஆபீசருக்கு நேத்தே போன் பண்ணிப்போட்டேன். வர்ற வாரம் கோர்ட்டுல போயி நடந்ததச் சொல்லப் போறேன். சாக்ஸையும் சொல்லோணும், சொல்லாட்டி கத பொருந்தாது. அங்க எப்படியும் சிரிப்பாங்க. அதனால சிரிக்கறவங்க இங்கயே இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க. எனக்கும் பழகுனாப்புல இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஊரில் எதற்கெடுத்தாலும் சிரித்தே வளர்ந்த கூட்டம் அது. அவர் கேட்டுக்கொண்ட அன்று ஒருத்தருக்கும் வரவில்லை. பெரியப்பா மெல்லத் தொண்டையைக் கனைத்து, "நானுங் கூட வாரேன் தம்பி," என்றார். பிறகு, தான் கொஞ்சம் இறங்கிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "பஸ்ஸுல சன்னல் சீட்டு எனக்கு," என்றும் சேர்த்துக்கொண்டார். மீதி இரண்டு பாகத்தை இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை.

கோர்ட்டுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்பா வெள்ளை வேட்டி சட்டை. ஹாலின் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காவலுக்கு நின்றவர், "இட்டோளூ, இட்டோளூ," என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அப்படித்தான் வரும்.

குற்றவாளிக் கூண்டில் முதலாளி நின்றிருந்தான். அழகனெல்லாம் இல்லை. தொப்பையும் வழுக்கையுமாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்க மாட்டோம். கண்ணைக் கவர்ந்தது ஷூ மட்டும்தான். அப்பாவுக்காகத் தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தாவைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், அவர் சொல்வதை மலையாளத்தில் சொல்ல. அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வந்த நாள், நின்ற இடம், கொடுத்த வாக்கு.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். தமிழ் நன்றாகவே வந்தது அவருக்கு. "அய்யா, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தர். அவரை எதுக்காக நம்பினீங்க?"

கேட்டுவிடுவார்களோ என்று அப்பா பயந்த கேள்வி அதுதான். நான் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஷூவக் கழட்டிப்போட்டுத்தானுங்க வயல்ல எறங்குனாரு. சாக்ஸையும் கழட்டி மடிச்சுச் சட்டைப் பையில வெச்சாரு. எங்க பக்கம் அப்படிச் செய்யறவங்க தப்புப் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேனுங்க."

குமாஸ்தா அதை மலையாளத்தில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்பெஞ்சில் இளம் வக்கீல்கள் சத்தமாகவே சிரித்தார்கள். கேள்வி கேட்ட வக்கீல் எல்லாப் பக்கமும் திரும்பிச் சிரிப்பைப் பகிர்ந்துகொண்டார். "அப்போ ஒரு சாக்ஸைப் பாத்து நம்பிட்டீங்க."

"ஆமாங்க," என்றார் அப்பா. சிரிப்பு அடங்கட்டும் என்று பொறுமையாக நின்றார், ஏற்கனவே ஒத்திகை பார்த்திருந்தவர் போல. பிறகு கையை நீட்டிக் கூண்டுக்குக் கீழே காட்டினார்.

"இன்னைக்குக் கழட்டலைங்களே."

குமாஸ்தா இதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. ஹாலில் இருந்த அத்தனை தலையும் அந்தப் பளபளப்பான ஷூவின் பக்கம் திரும்பியது. முதலாளி ஒரு காலை மற்றொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். மாஜிஸ்திரேட் அம்மா மேசைமேல் சற்றுக் குனிந்து அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார், பிறகு கூண்டைப் பார்த்தார், பிறகு டைப் அடிக்கிற பெண்ணிடம் திரும்பி, "அதும் கூடி எழுதிக்கோ," என்றார்.